லீவு நாளும் டிவிப் பெட்டியும்: நம்ம கடற்கரைக்குப் படம் வந்த கதை



விழா மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதித் தரணும்னு கூட்டத்துல சொன்னப்ப, தனுஷ்கோடி புயலை ஒருத்தர் எடுத்துக்கிட்டாங்க, பாம்பன் பாலத்தை ஒருத்தர் எடுத்துக்கிட்டாங்க, பாசி எடுக்குற தொழிலை ஒருத்தர் எடுத்துக்கிட்டாங்க. நான் டிவியைப் பத்தி எழுதுறேன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதுல என்ன வரலாறு கிடக்குன்னு கேட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். ஆனாலும் எங்க அம்மா, மாமியார், குழுவுல இருக்கிற மூத்தவங்க எல்லார்கிட்டயும் உட்கார்ந்து கேட்டு, தேதிகளைச் சரிபார்த்து எழுதியிருக்கிறேன். படிச்சுப் பார்த்துட்டு சிரிங்க.

நம்ம பக்கம் லீவு காலம்னா ரெண்டு. ஒண்ணு தீபாவளியில ஆரம்பிச்சு கிறிஸ்துமஸ், புது வருஷம், பொங்கல் வரைக்கும் போறது. இன்னொண்ணு சித்திரை, வைகாசி. பள்ளிக்கூடம் மூடியிருக்கும், மீன்பிடித் தடைக்காலமும் அப்பத்தான் வரும். இந்த ரெண்டு காலத்துலயும் வீட்டுல எல்லாரும் இருப்பாங்க. எல்லாரும் இருந்தா டிவி ஓடும். அந்த டிவி எப்படி வந்துச்சு, அதுக்கு முன்னாடி யாரு உட்கார்ந்தாங்க, யாரு நின்னாங்க, யாரு அடுப்படியிலேயே கிடந்தாங்கன்னுதான் நான் எழுதப் போறேன்.

டிவிக்கு முன்னாடி ரேடியோ. அதுலயும் நமக்கு இலங்கை வானொலிதான் பக்கம். 1950லேயே இலங்கையில வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பிச்சிருச்சு. தமிழ்நாடு முழுக்க கேட்டாங்கன்னாலும், நம்ம கரையில பக்கத்து வீட்டுல பேசுற மாதிரி கேட்கும். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது இந்தப் பேரெல்லாம் எங்க அம்மாவுக்கு சொந்தக்காரங்க பேரு மாதிரி. ரேடியோவுல ஒரு வசதி உண்டு. வலை பின்னிக்கிட்டு, கருவாடு புரட்டிக்கிட்டு, குழம்பு கொதிக்க விட்டுக்கிட்டே கேட்கலாம். கண்ணு வேலைக்கு, காது பாட்டுக்கு. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

மெட்ராஸ்ல தூர்தர்ஷன் ஆரம்பிச்சது 1975 ஆகஸ்ட் 15. ஆனா அது மெட்ராஸுக்கும் அதைச் சுத்தி இருந்தவங்களுக்கும்தான். நமக்கும் மெட்ராஸுக்கும் 500 கிலோமீட்டருக்கு மேல. நம்ம கரைக்கு டிவி வந்தது வடக்க இருந்து இல்ல, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து. தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான் கடல். இலங்கையில ஐ.டி.என். டிவி 1979 ஏப்ரல் 13ஆம் தேதி ஆரம்பிச்சுது. அரசாங்கத்தோட ரூபவாகினி 1982 பிப்ரவரி 15ல ஆரம்பிச்சுது. ஜப்பான் அரசாங்கம் உதவி செஞ்சு கட்டிக் கொடுத்த நிலையம் அது. அதோட பெரிய ஒளிபரப்புக் கம்பத்தை அந்த நாட்டுலயே உயரமான பிதுருதலாகலை மலை மேல நட்டாங்க. அந்த மலை 2524 மீட்டர். அம்புட்டு உசரத்துல இருந்து விட்டா, கடல் தாண்டி நம்ம ஊருக்கு வராம எங்க போகும்?

டிவி அலை நேர்கோட்டுல போறது. நடுவுல மலையோ மரமோ மறைச்சா நின்னுரும். கடல் மட்டமா கிடக்குறதால நமக்கு மறைப்பு இல்ல. ஆனாலும் நல்லா உசரமா ஆண்டெனா கட்டணும். தண்ணி பைப்பை ஒண்ணோட ஒண்ணு சேர்த்து நிறுத்தி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில மீன் முள்ளு மாதிரி ஆண்டெனா வெச்சு, அதுக்குக் கீழ பூஸ்டர் வெப்பாங்க. தென்கிழக்கப் பார்த்துத் திருப்பணும். ஒரு ஆளு மாடியில நின்னு பைப்பைத் திருப்ப, ஒரு ஆளு ஜன்னல்ல நின்னு "தெரியுது, தெரியுது, போச்சு"ன்னு கத்த, உள்ள இருக்கிறவங்க படத்துல கொசு பறக்குதா இல்லையான்னு பார்க்க, ஒரு டிவிக்கு மூணு பேரு வேலை. கச்சான் காத்து அடிச்சா கம்பம் திரும்பிரும், மறுபடியும் முதல்ல இருந்து.

இதுல ஒரு அதிசயம் சொல்றேன். இலங்கைப் படம் ரொம்பச் சுத்தமா வர்றது கோடையில. கடலுக்கு மேல காத்து அடங்கி, புழுக்கமா இருக்கிற ராத்திரியில அலை தண்ணி மேல தவழ்ந்து தூரம் வரைக்கும் வந்துரும். சூடான காத்து மேலயும், கடல் பக்கத்துக் குளிர்ந்த காத்து கீழயும் நிக்கிறதால அலை மேல தப்பிச்சுப் போகாம குழாய்க்குள்ள போற மாதிரி போகும்னு படிச்சவங்க சொல்றாங்க. அதாவது மே மாசம் பள்ளிக்கூட லீவு விட்ட நேரம் பார்த்து படம் பளிச்னு வரும். லீவுக்கும் டிவிக்கும் நம்ம ஊருல இயற்கையே முடிச்சுப் போட்டு வெச்சிருக்கு.

எங்க அம்மா ஊருல அப்ப டிவி இருந்தது ஒரே ஒரு வீட்டுல. சிங்கப்பூர் போய் வந்தவங்க வீடு. அந்தக் காலத்துல டிவி வெச்சிருந்தா போஸ்ட் ஆபீஸ்ல காசு கட்டி லைசென்ஸும் எடுக்கணும். 1985 வரைக்கும் அந்தச் சட்டம் இருந்துச்சு. அந்த வீட்டுத் திண்ணையில பெரிய ஆளுக, முற்றத்துல சின்னப் பயலுக. பொம்பளைங்க வேலிக்கு வெளிய நின்னு தலையை எட்டிப் பார்க்கணும். இடுப்புல பிள்ளை இருக்கும். சிங்களம் ஒண்ணும் புரியாது. தமிழ்ச் செய்தியும் எப்பவாச்சும் வர்ற தமிழ்ப் படமும்தான் புரியும். புரியலைன்னாலும் பார்ப்பாங்களாம். "ஆளு நடமாடுறதைப் பார்க்குறதே பெருசா இருந்துச்சு"ன்னு அம்மா சொல்லும்.

கொஞ்ச நாள்ல அதே பெட்டிய வேற கண்ணோட பார்க்க வேண்டி வந்துச்சு. 1983 ஜூலையில இலங்கையில கலவரம். அதுக்கப்புறம் படகு படகா சனங்க ராமேஸ்வரம், மண்டபம் கரையில வந்து இறங்கினாங்க. மண்டபம் முகாம் நிறைஞ்சுது. முகாம்ல இருந்து வந்த ஒரு அக்கா, பாசி எடுக்க எங்க அம்மாவோட கூடப் போறவங்க, அந்த வேலி ஓரம் வந்து நின்னு ரூபவாகினி செய்தி பார்ப்பாங்களாம். செய்தியில என்ன சொல்றாங்கன்னு அவங்க நம்ப மாட்டாங்க. பின்னாடி காட்டுற தெருவையும் கடையையும்தான் பார்ப்பாங்க. தன் ஊரு எங்கயாவது ஒரு ஓரத்துல தெரியுதான்னு. அங்க வன்னியில கொக்காவில்ல இருந்த டிவி கோபுரமும் 1990 சண்டையில போச்சு. மறுபடியும் 2011லதான் புதுசா கட்டினாங்க.

நம்ம நாட்டு டிவி நமக்கு வந்தது மெதுவாத்தான். 1982ல டெல்லியில ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தப்ப கலர் வந்துச்சு. எண்பதுகளோட பின்பாதியில கொடைக்கானல் மலை மேல இருந்து தூர்தர்ஷன் வர ஆரம்பிச்சது. ஆண்டெனாவைத் தென்கிழக்கயிருந்து வடமேற்க திருப்பினாங்க. ரெண்டு ஆண்டெனா வெச்ச வசதியானவங்களும் உண்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம். இந்த ரெண்டுக்கும் ஊரே ஒரு வீட்டுல கிடக்கும்.

ராமாயணம் தொடர் 1987 ஜனவரி 25ல ஆரம்பிச்சு 1988 ஜூலை வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில வந்துச்சு. முழுக்க இந்தி. ராமர் பாலம் கட்டின கடல்னு சொல்ற கடலோட கரையிலேயே இருக்கிற நாம, அந்தக் கதையை ஒரு வார்த்தை புரியாத பாஷையில பார்த்தோம். எங்க அப்பத்தா முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு, படத்துல அவங்க பேசப் பேச, தனக்குத் தெரிஞ்ச கதையைத் தமிழ்ல சொல்லுமாம். சில நாள் படம் ஒண்ணு காட்டும், அப்பத்தா ஒண்ணு சொல்லும். கேட்கிற சனம் அப்பத்தாவைத்தான் நம்பும்.

அதுக்கப்புறம் தொண்ணூறுகள்ல ராமேஸ்வரம் தீவுலயே டிவி கோபுரம் எழுந்துச்சு. நீங்க எல்லாரும் பஸ்ல போறப்ப பார்த்திருப்பீங்க. 323 மீட்டர் உயரம். டெல்லி குதுப்மினாரை நாலு தடவை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினாலும் இதுக்கு எட்டாது. இந்தியாவுலயே ரொம்ப உயரமான கட்டுமானங்கள்ல ஒண்ணு நம்ம தீவுல நிக்குது. கடலுக்குப் போறவங்களுக்குக் கரை தெரியறதுக்கு முன்னாடி அது தெரியும். ஆனா பாருங்க, அந்தக் கோபுரம் வந்த நேரத்துக்கு ஊருக்குள்ள கேபிள் வயரும் வந்திருச்சு.

நடுவுல பஞ்சாயத்து டிவி ஒண்ணு இருந்துச்சே, அதை விட முடியாது. இரும்புக் கம்பி போட்ட ஒரு சின்ன ரூம், அதுக்குள்ள கூண்டுல ஒரு டிவி, சாவி ஒருத்தர்கிட்ட. அரசாங்கம் ஊருக்குப் பொதுவா கொடுத்தது. பொதுன்னு பேரு. தீபாவளி, பொங்கல்னா முன்னாடி மணல்ல ஆம்பளைங்க படுத்துக் கிடப்பாங்க. சீட்டாட்டமும் அங்கதான். பொம்பளைங்க யாரும் போறதில்ல. போகக்கூடாதுன்னு யாரும் சொன்னதும் இல்ல. சில பேரு தங்கச்சி, மதினின்னு கூட்டம் சேர்ந்து பின்னாடி இருட்டுல நின்னு ஒரு பாட்டு பார்த்துட்டு வந்துருவாங்க, அம்புட்டுத்தான்.

இனி தனியார் டிவி. சன் டிவி ஆரம்பிச்சது 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. இந்தத் தேதிகளைச் சேர்த்து வெச்சுப் பார்த்தப்ப எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. மெட்ராஸ் தூர்தர்ஷன் சுதந்திர தினத்துல. சன் டிவி சித்திரை ஒண்ணுல. இலங்கை ஐ.டி.என். கூட அவங்க புத்தாண்டுக்கு மொத நாளு. கலைஞர் டிவி 2007 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். டிவி ஆரம்பிக்கிறவங்க நல்ல நாளு பார்த்துத்தான் ஆரம்பிக்கிறாங்க. சனம் வீட்டுல இருக்கிற நாளுல்ல!

அப்படித்தான் பண்டிகை நாளோட உருவமே மாறிச்சு. முன்னாடி தீபாவளின்னா விடியக்காலம் எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, புதுத்துணி உடுத்தி, சொந்தக்காரங்க வீட்டுக்குப் பலகாரத் தட்டு எடுத்துக்கிட்டுப் போறது. பொங்கல்னா வாசல்ல அடுப்பு. தனியார் டிவி வந்தப்புறம் காலையில மங்கள இசை, அப்புறம் நடிகர் பேட்டி, 10 மணி வாக்குல சாலமன் பாப்பையா ஐயா பட்டிமன்றம், மத்தியானம் ஒரு படம், சாயங்காலம் இந்தியத் தொலைக்காட்சிகள்ல முதல்முறையான்னு ஒரு புதுப்படம். தட்டு எடுத்துக்கிட்டு வர்ற ஆளும் "பட்டிமன்றம் முடிஞ்சு வர்றேன்"னு சொல்ல ஆரம்பிச்சாங்க. வந்தாலும் தட்டைக் கொடுத்துட்டு டிவியப் பார்த்துக்கிட்டே பேசுறது.

எனக்கு பட்டிமன்றம் பிடிக்கும். சிரிக்க வைப்பாங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். குடும்பத்துல அதிகம் கஷ்டப்படுறது ஆணா பெண்ணா, மாமியாரா மருமகளா, இப்படித்தான் எத்தனையோ தலைப்பு. அதை வீட்டு ஆம்பளைங்க உட்கார்ந்து கை தட்டி ரசிச்சுக்கிட்டு இருப்பாங்க. தலைப்புல இருக்கிற பொம்பளை அடுப்படியில வடை சுட்டுக்கிட்டு இருப்பா. அடுப்படிக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும் வரும். ரேடியோ காலம் மாதிரி இது இல்ல பாருங்க. டிவியக் காதால கேட்டா பாதிதான் கிடைக்கும். என்ன சொன்னாங்கன்னு ஓடி வந்து கேட்டா "அது போயிருச்சு விடு"ம்பாங்க.

நம்ம குழுவுல ஒரு நாள் சும்மா கேட்டுப் பார்த்தேன், பண்டிகை அன்னிக்குப் போட்ட படத்துல முழுசாப் பார்த்த படம் ஒண்ணு சொல்லுங்கன்னு. 15 பேரு இருந்தோம். ரெண்டு பேரு சொன்னாங்க. அதுல ஒருத்தங்களுக்குப் பிரசவம் ஆகி அம்மா வீட்டுல இருந்தப்ப. இன்னொருத்தங்களுக்குக் கால்ல அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்தப்ப. மத்த 13 பேருக்கும் எல்லாப் படமும் பாதிப் படம்தான். வில்லன் யாருன்னு தெரியும், ஏன் வில்லன் ஆனான்னு தெரியாது.

பண்டிகை எல்லா வீட்டுலயும் ஒண்ணு போல இல்லைங்கிறதையும் சொல்லணும். நம்ம கரையில இந்து, முஸ்லிம், கிறிஸ்தவங்க எல்லாரும் கலந்துதான் இருக்கிறோம். எங்க குழுவுல இருக்கிற ராத்தா வீட்டுல நோன்பு மாசம் முழுக்க டிவி மேல துணி போட்டு மூடியிருக்கும். பெருநாள் அன்னிக்குத்தான் துணிய எடுப்பாங்க. அந்த ஒரு மாசம் வீடு எம்புட்டு அமைதியா இருக்கும்னு ராத்தா சொல்லும்போது எங்களுக்கே ஆசையா இருக்கும். தங்கச்சிமடம் பக்கத்துல இருந்து வர்ற அக்கா, கிறிஸ்துமஸ் ராத்திரி கோயில்ல பூசை முடிஞ்சு வந்து கேக்கு வெட்டி, மறுநாள் பூராவும் டிவிதான்னு சொல்லுவாங்க. அங்கயும் பிரியாணிக்கு வெங்காயம் உரிக்கிறது யாருன்னு நான் கேட்கலை.

இனி நம்ம குழுக்களோட கதைக்கு வர்றேன். மகளிர் குழுத் திட்டம் 1989ல தருமபுரியில ஆரம்பிச்சது. அப்புறம் தொண்ணூறுகளோட தொடக்கத்துல சேலம், மதுரை மாதிரி மாவட்டங்களோட நம்ம ராமநாதபுரத்தையும் சேர்த்தாங்க. அதாவது நம்ம ஊருக்குக் குழுவும் கேபிள் டிவியும் ஏறத்தாழ ஒரே காலத்துல வந்த ரெட்டைப் பிள்ளைக. ரெண்டும் சண்டை போட்டுக்கிச்சு. சித்தி, மெட்டி ஒலி, கோலங்கள் வந்த வருஷங்கள்ல ராத்திரிக் கூட்டத்துக்கு ஆளு சேர்க்குறதுக்குள்ள ஊக்குநருக்கு உயிர் போய் உயிர் வரும். கூட்டத்தைச் சீரியல் முடிஞ்சப்புறம் வெச்சா குழந்தை தூங்கிரும், முன்னாடி வெச்சா கருவாட்டு வேலை முடியாது. அதுக்காக நான் சீரியல் பார்த்தவங்களைக் குறை சொல்ல மாட்டேன். நாள் பூரா வெயில்ல நின்னவளுக்கு அந்த அரைமணி நேரம்தான் உட்கார்ற நேரம். பண்டிகைப் படத்துக்கு அடுப்படி உண்டு. சீரியலுக்கு அடுப்பை அமத்திட்டுத்தான் உட்காருவாங்க.

டிவிக்குக் கடன் கொடுக்கிறதா வேண்டாமான்னு ஒரு பெரிய வாக்குவாதம் நடந்ததை எங்க மாமியார் குழுவுல இன்னும் பேசுவாங்க. நான் கல்யாணம் ஆகி வர்றதுக்கு முந்தின கதை. ஒரு உறுப்பினர் உள்கடன் கேட்டிருக்காங்க. என்னத்துக்குன்னு கேட்டா பிளாக் அண்ட் ஒயிட் டிவி வாங்க. பாதிப் பேரு எந்திரிச்சிட்டாங்க. "வலை வாங்கக் கேளு, ஆட்டுக்குட்டி வாங்கக் கேளு, பிள்ளைக்கு பீஸ் கட்டக் கேளு. டிவி என்ன குட்டி போடுமா?"ன்னு. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டுச் சொல்லியிருக்காங்க. போன தீபாவளிக்கு அவங்க மகள் பக்கத்துத் தெருவுல டிவி பார்க்கப் போயிருக்கு. புதுப் பாவாடை. அந்த வீட்டுல, மீன் நாத்தம் அடிக்குது வெளிய நில்லுன்னு சொல்லிட்டாங்களாம். பிள்ளை திரும்பி வந்து சோப்புப் போட்டு ரெண்டாந்தடவை குளிச்சிட்டு மறுபடியும் போயிருக்கு. அப்பவும் வெளியிலதான்.

அதுக்கப்புறம் அந்தக் கூட்டத்துல யாரும் எதிர்த்துப் பேசலையாம். பேசாததுக்குக் காரணம், அங்க இருந்த எல்லாருக்கும் பிள்ளை இருந்துச்சு. தீர்மானப் புத்தகத்துல 3000 ரூபாய் எழுதினாங்க. தடைக்காலத்துல அசல் கட்ட வேண்டாம், வட்டி மட்டும் கட்டினாப் போதும்னும் எழுதினாங்க. இது ஏன் முக்கியம்னா, அதே ஊருல வேற ஒருத்தங்க ஒரு தவணைக் கடையில டிவி எடுத்துட்டு, தடைக்காலத்துல ரெண்டு தவணை கட்ட முடியாமப் போனதால, சித்திரை மாசம் வீட்டுக்குள்ள வந்து டிவியத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பிள்ளைக லீவுல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கிறப்பவே வயரைப் பிடுங்கினாங்களாம். குழுக் கடன்ல வாங்கின டிவி கடைசி வரைக்கும் அந்த வீட்டுலதான் இருந்துச்சு.

பிறகு 2006ல இலவசக் கலர் டிவித் திட்டம் வந்துச்சு. தேர்தல்ல சொன்னாங்க, செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாள்ல கொடுக்க ஆரம்பிச்சாங்க. 14 இன்ச் கலர் டிவி. ஒன்றரைக் கோடி குடும்பங்களுக்கு மேல கொடுத்தாங்க. வீணா செலவுன்னு திட்டினவங்க உண்டு. இப்பவும் திட்டுறாங்க. அந்தக் காசுல வேற எத்தனையோ செஞ்சிருக்கலாம்தான். ஆனா நான் ஒரு விஷயம் பார்த்தேன். டிவி கொடுத்த வருஷத்துக்கப்புறம் எங்க தெருவுல யாரு வீட்டு ஜன்னல்லயும் பிள்ளைக தொங்கலை. நம்ம பிள்ளை நம்ம வீட்டுத் தரையில மீன் கழுவின கையோட உட்கார்ந்து பார்த்துச்சு. அதுக்கு விலை போட எனக்குத் தெரியலை. 2011ல அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்னு வந்தப்புறம் வயர் செலவும் கட்டுப்படியாச்சு.

வீட்டுக்கு வீடு டிவி வந்தப்புறம் புதுசா ஒண்ணு முளைச்சுது. ரிமோட். தடைக்காலத்துல அதோட கதையைக் கேளுங்க. மீன் முட்டை போடுற காலம்னு விசைப்படகு போகக்கூடாதுன்னு ஏப்ரல் 15ல தடை ஆரம்பிக்கும். முன்னாடி 45 நாள். 2017ல இருந்து 61 நாள், ஜூன் 14 வரைக்கும். தேதியைப் பாருங்க. ஏப்ரல் 14 சித்திரைப் புத்தாண்டு, டிவியில சிறப்பு நிகழ்ச்சி. மறுநாளே படகைக் கட்டிப் போடணும். ஆக நிகழ்ச்சி பார்க்க உட்கார்ந்த ஆம்பளை ரெண்டு மாசத்துக்கு எந்திரிக்கிறதில்ல. நான் சும்மா சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறது, இஞ்சின் பிரிக்கிறது, வலை சரி பண்றதுன்னு அவங்களுக்கும் வேலை இருக்கு. ஆனா மத்தியானம் வீட்டுக்கு வந்தா கிரிக்கெட். ஐ.பி.எல். நடக்கிறது சரியா அந்த மாசங்கள்லதான்.

அந்த ரெண்டு மாசமும் பொம்பளைக்கு இறால் கம்பெனி வேலை இருக்காது, கருவாட்டுக்கு மீன் வராது, கடன் மட்டும் வரும். பிள்ளைகளும் லீவு. மூணு வேளையும் ஆக்கணும். சாயங்காலச் சீரியலும் போச்சு. போன வருஷத் தடைக்காலத்துல எங்க குழுக் கூட்டத்துக்கு வராத ஆளே இல்ல. நூத்துக்கு நூறு வருகை. ஊக்குநர் சந்தோஷப்பட்டு எழுதிக்கிட்டாங்க. வீட்டுல டிவி கிடைக்கலைன்னுதான் எல்லாரும் வந்தோம்னு நாங்க சொல்லலை.

டிவிய இம்புட்டுக் குறை சொல்றேனேன்னு நினைக்க வேண்டாம். பண்டிகை மாசம் நம்ம கரைக்குப் புயல் மாசமும்தான். 1964 டிசம்பர்ல தனுஷ்கோடி போனப்ப ஆளுகளுக்கு முன்கூட்டி எதுவும் சரியாத் தெரியலை. ரயிலே தனுஷ்கோடிப் பக்கம் அலையில போச்சு. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நான் பத்தாவது முடிச்ச வருஷம். நம்ம பக்கம் கடல் ஒரு மாதிரி உள்வாங்கி ஏறிச்சுன்னு சொன்னாங்க. இலங்கை நடுவுல நின்னு மறைச்சதால பெரிய சேதம் நமக்கு இல்ல. என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சது டிவி போட்டப்பத்தான். நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி. நாகை மாவட்டத்துல மட்டும் 6000 பேருக்கு மேல. எங்க தெருவுல நாகப்பட்டினத்துக்குப் பொண்ணு கட்டிக் கொடுத்த வீடு ஒண்ணு. போன் கிடைக்கலை. அந்த அம்மா டிவிக்கு ரொம்பப் பக்கத்துல உட்கார்ந்து, வரிசையா கிடத்தியிருக்கிற துணி மூட்டைகள்ல சேலைக் கலரைத் தேடுச்சு. யாராலயும் அதை அமத்தவும் முடியலை, பார்க்கவும் முடியலை. பொண்ணு உயிரோட இருக்குன்னு மூணாம் நாள் சேதி வந்துச்சு. அந்த அம்மா இன்னிக்கு வரைக்கும் டிசம்பர் கடைசி வாரம் டிவி போட விடாது.

2020 டிசம்பர்ல புரெவி புயல் இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள்ள வந்தப்ப, ரெண்டு நாள் முன்னாடியே டிவியில பாம்பன் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தினதைச் சொல்லிச் சொல்லிப் படகெல்லாம் கரையேறியாச்சு. புயலும் நம்ம பக்கம் வந்து வலு குறைஞ்சு மழையாப் போச்சு. அன்னிக்கு ரிமோட் மாமியார் கையில. சேனல் மாத்த யாருக்கும் தைரியம் இல்ல.

அதே 2020தான் நம்ம வாழ்க்கையிலேயே நீளமான லீவு. மார்ச் 25ல ஊரடங்கு. தூர்தர்ஷன்ல பழைய ராமாயணத்தை மறுபடியும் போட்டாங்க. இந்தத் தடவை கதை சொல்ல அப்பத்தா இல்ல. பிள்ளைகளுக்குப் பாடம் கல்வித் தொலைக்காட்சியில வந்துச்சு. அது 2019 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச சேனல். போன் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் பள்ளிக்கூடம். இலவச டிவிய மூலையில போட்டு வெச்சிருந்தவங்க எல்லாம் தூசி தட்டி எடுத்தாங்க. என் மகனுக்கு ஒரு வகுப்பு, மகளுக்கு ஒரு வகுப்பு, பாடம் வேற வேற நேரம். டிவி ஒண்ணு, ஆம்பளை வீட்டுல. கிரிக்கெட்டும் அப்ப நின்னு போயிருந்ததால பிழைச்சோம்.

இப்ப பிள்ளைக கையில போன். டிவிக்கு முன்னாடி கூட்டம் குறைஞ்சிருச்சு. பண்டிகைக்குப் புதுப்படம் டிவியில வர்றதுக்கு முன்னாடியே போன்ல பார்த்துடுறாங்க. ஆனாலும் தீபாவளிக் காலையில எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் பட்டிமன்றச் சத்தம் கேட்கும். ரெண்டு வருஷமா ஒரு புது ஏற்பாடு நடக்குது. எங்க குழுவுல ஒரு அக்கா குழுக் கடன் வாங்கி கிரைண்டர் போட்டு இட்லி மாவு விக்கிறாங்க. தீபாவளிக்கு மட்டும் மாவோட வடைக்கு அரைச்ச உளுந்து, ஊற வெச்ச கடலைப்பருப்பு, அரைச்ச மசாலா எல்லாம் பாக்கெட் போட்டு முதல் நாளே கொடுத்துடுறாங்க. 9 மணிக்குள்ள வடை சுட்டு இறக்கிட்டு, 10 மணிக்கு நாங்க கை தொடைச்சிட்டு உட்கார்ந்துடுறோம். போன தீபாவளிக்கு மட்டும் அந்த அக்கா 40 வீட்டுக்கு மேல கொடுத்தாங்க. அவங்களுக்குத்தான் ராத்திரி பூரா கிரைண்டர் ஓடினதுல காலையில கண்ணைத் திறக்க முடியலை. பட்டிமன்றத்தை மறுநாள் மத்தியானம் மகன் போன்ல போட்டுக் கொடுக்க, படுத்துக்கிட்டே பார்த்தாங்களாம். முழுசா.